பின்சிறகின் ஓரம்: ஷாமளா அம்மையாருக்கு உடன்பணியாளர் வரைந்த மடல்

சிறகு கண்டு சேதி சொல்லும் செம்மையே! செதில் உதிர்ந்து சீரழிந்து வந்த சிற்றுயிர்க்கும் சரியான பெயர் தேடிச் சலியாத சிந்தையே! வெப்ப நிலங்களிலிருந்து கப்பலேறி, கொள்கலனேறி, பழப்பெட்டிக்குள் பதுங்கிப் பயணச்சீட்டின்றி வந்திறங்கும் அந்துப்பூச்சிகளை ஆளறிந்து காட்டிய அருங்கண்ணே! மெல்பேர்ண் மேற்கிலுள்ள எங்கள் பூச்சி அடையாள ஆய்வுகூடத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் பணிசெய்து, இன்று மாலையுடன் ஓய்வுபெறும் பெருமதிப்புக்குரிய திருமதி ஷாமளா கிருபாகரன் அம்மையீர்! கூடத்தின் தமிழ்பேசும் உடன்பணியாளர்களாகிய நாங்கள் எங்கள் வணக்கத்தையும் வாழ்த்தையும் இம்மடல்வழி தங்கள்முன் வைக்கின்றோம்.

ஆங்கிலத்தில் ஒரு வாழ்த்தட்டை மதியமே தங்களுக்குத் தரப்பட்டுவிட்டது. கூடத்தார் எல்லோரும் அதில் கையொப்பமிட்டிருக்கிறார்கள். இடம் போதாமையால் பலரும் "ஓய்வை அனுபவியுங்கள்" என்ற ஒரே வரியோடு நிறுத்திக்கொண்டார்கள். அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் தங்களைப் பற்றி ஒரு வரிக்கு மேல் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைச் சொல்ல எங்களுக்குத் தமிழ்தான் தோதாக வருகிறது.

இனிக் கொஞ்ச நேரம் தங்களை விட்டுவிட்டு அவையோரைப் பார்த்துப் பேச அனுமதி கேட்கின்றோம். தங்களைப் பற்றித் தங்களிடமே சொன்னால் வரிக்கு வரி "அப்படி இல்லை" என்று திருத்துவீர்கள். அவையோரிடம் சொன்னால் முடியும்வரை பொறுத்திருப்பீர்கள் என்று நம்புகின்றோம்.

அன்பான அவையோரே! அம்மையாரின் உறவினரும் நண்பரும் இங்கே நிறைந்திருக்கிறீர்கள். உங்களில் பலருக்கு அவர் செய்த வேலை இன்னதென்று இன்றுவரை சரியாகத் தெரியாது என்பது எங்களுக்குத் தெரியும். "பூச்சிமருந்து அடிக்கிற கொம்பனியில நிக்கிறா" என்று கலியாண வீடுகளில் அவரை அறிமுகம் செய்தவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். அவர் மருந்து அடித்தவர் அல்லர், பெயர் சொன்னவர். துறைமுகத்திலோ விமான நிலையத்திலோ தோட்டத்துப் பொறியிலோ ஓர் அந்துப்பூச்சி அகப்பட்டால், அது ஒரு சிறு போத்தலில் எங்கள் கூடத்துக்கு வரும். அது என்ன இனம் என்று இங்கே சொல்ல வேண்டும். சொல்லும் பெயர் தீங்கற்ற ஒன்றாக இருந்தால் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். இந்த நாட்டுக்குள் வரக்கூடாத இனத்தின் பெயராக இருந்தால், ஒரு கப்பலே திரும்பிப் போகலாம், ஒரு தோட்டமே வெறுமையாகலாம்.

அந்தப் பெயர் பூச்சியின் சிறகில் இருக்கிறது. விரலில் ஒட்டும் மாவுபோன்ற செதில்கள்தான் சிறகின் நிறமும் கோலமும். முன்சிறகில் ஒரு வட்டப்புள்ளி, அதன் பக்கத்தில் வளைந்த பெரிய புள்ளி ஒன்று, குறுக்கே அலையலையாகக் கோடுகள், பின்சிறகில் மங்கல் வெள்ளையும் கரிய ஓரமும். வளைந்த பெரிய புள்ளியை ஆங்கில நூல்கள் சிறுநீரகப் புள்ளி என்கின்றன. முந்திரிப்பருப்பின் வடிவில் இருப்பதால் எங்கள் கூடத்தில் அதற்குப் பெயர் கஜு. மதியச் சாப்பாட்டு மேசையில் சிறுநீரகம் என்ற பேச்சு எழக்கூடாது என்று உடன்பணியாளர் மோனிகா போட்ட தடையால் வந்த பெயர் அது. கஜுவின் விளிம்பு எப்படி, கோடு எங்கே உடைகிறது, பின்சிறகின் ஓரம் எங்கே முடிகிறது என்று பார்த்துப் பார்த்தே அம்மையார் இருபத்தெட்டு ஆண்டுகளைக் கழித்தார்.

அவர் கொண்டுவந்த வழக்கம் ஒன்று எங்கள் கூடத்தில் உண்டு. பூச்சியைப் பார்ப்பவருக்கு அது எங்கிருந்து வந்தது, யாருடையது என்று தெரியக்கூடாது. வரவேற்பு மேசையிலேயே விபரத் துண்டைப் பிரித்து வைத்துவிட வேண்டும். அதன்பின் இருவர் தனித்தனியே பார்க்க வேண்டும். இருவரும் எழுதி முடிக்கும்வரை ஒருவரோடொருவர் வாய் திறக்கக்கூடாது. வாழைப்பெட்டியில் வந்தது என்று தெரிந்தால் கண் வாழைப்பூச்சியைத்தான் தேடும் என்பது அவர் சொல்லும் காரணம். தொடக்கத்தில் இதற்கு எதிர்ப்பு இருந்தது. அவசரக்காரப் பரிசோதகர்கள் முணுமுணுத்தார்கள். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அடுத்த போத்தலை எடுப்பார். இப்போது சிட்னிக் கூடத்திலும் அதே வழக்கம்.

நேர்த்தி, நிதானம், நேரந்தவறாமை என்று குணங்களை வரிசையாக அடுக்கிக்கொண்டு போகலாம். எல்லாப் பிரியாவிடைகளிலும் அப்படித்தான் அடுக்குகிறார்கள். அதைவிட, முந்தின ஆண்டு யூலைக் குளிரில் நடந்த ஒன்றைச் சொன்னால் அவரை நீங்கள் விளங்கிக்கொள்வீர்கள் என்று நினைக்கின்றோம்.

அந்த யூலையில் ஒரு காலை, எங்கள் சிறிதரன் கையில் ஒரு சிறு பெட்டியோடு அம்மையாரின் மேசைக்கு வந்தார். போத்தல்களைப் பொறுப்பேற்பதும், பூச்சியை ஊசியில் குத்திச் சிறகு விரித்துக் காயவைப்பதும் சிறிதரனின் வேலை. அதனால் கூடத்தில் விபரத் துண்டைப் படிக்கும் ஆள் அவர் ஒருவர்தான். படித்ததை வெளியே விடாமல் இருப்பதும் அவர் வேலையில் சேர்ந்தது.

"அக்கா, இதைக் கொஞ்சம் கெதியாப் பாருங்கோ" என்றார் சிறிதரன். "அருந்தவன் அண்ணையின்ர கண்ணாடிக்கூட்டில பிடிச்சது. வேற ஆரின்ரயும் எண்டா நான் வாயே திறந்திருக்க மாட்டன்."

அம்மையார் பேனாவை வைத்தார்.

"சிறி, நீர் இப்ப என்ன செய்தனீர் எண்டு விளங்குதோ?"

"என்ன செய்தனான்? உதவியெல்லோ செய்தனான்!"

"பேரைச் சொல்லிப்போட்டீர்."

சிறிதரனுக்கு அப்போதுதான் உறைத்தது. காதுவரை சிவந்துபோய் நின்றார். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

அருந்தவன் யார் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அம்மையார் இந்த நாட்டில் வந்திறங்கிய நாளில் விமான நிலையத்தில் காத்திருந்தவர் அவர். சொந்தமில்லை, ஊர்க்காரருமில்லை, தெரிந்தவருக்குத் தெரிந்தவர். ஸ்பிரிங்வேலில் அவருடைய வீட்டு முன்னறையில்தான் அம்மையார் முதல் ஆண்டு முழுதும் இருந்தார். வாடகை என்று வாயெடுத்தபோது, "என்ன, என்னை ஹொட்டல்காரன் எண்டு நினைச்சியோ?" என்று அதட்டியவர். கார்த் தொழிற்சாலையில் பல காலம் வேலைசெய்து, அது மூடப்பட்டபின், ஸ்பிரிங்வேலுக்குத் தெற்கே கீஸ்பரோவில் ஒரு துண்டு நிலத்தில் இரண்டு கண்ணாடிக்கூடுகள் போட்டார். உள்ளே சூடேற்றி, வெண்டி, பச்சைமிளகாய், வல்லாரை, பொன்னாங்காணி என்று வளர்த்துத் தமிழ்க்கடைகளுக்குக் கொடுத்துவந்தார். மெல்பேர்ண் குளிர்காலத்தில் உங்களில் யாராவது வல்லாரைச் சம்பல் சாப்பிட்டிருந்தால், அந்த வல்லாரை பெரும்பாலும் அவருடைய கூட்டிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும்.

அந்தக் கூட்டின் பொறியில்தான் இந்த அந்து அகப்பட்டது. மண்ணிறத்தில் சாதாரணமான ஒரு பூச்சி. அதே தோற்றத்தில் இரண்டு இனங்கள் உண்டு. நூல்களில் இரண்டுக்கும் நீண்ட பெயர்கள் இருக்கின்றன. இங்கே அவை வேண்டாம். எங்கள் கூடத்தில் ஒன்றை 'சிட்டிசன்' என்போம், மற்றதை 'விசா இல்லாதவர்' என்போம். சிட்டிசன் நெடுங்காலமாக இங்கேயே இருப்பது. நாலு இலை தின்னும், அவ்வளவுதான். விசா இல்லாதவர் வெப்பநாட்டு ஆள். சூடான கண்ணாடிக்கூடு கிடைத்தால் பெருகி, கோடை வந்ததும் வெளித் தோட்டங்களுக்குப் பரவும். அது என்று உறுதியானால் இரண்டு கூடுகளிலும் உள்ள எல்லாச் செடிகளையும் பிடுங்கி எரிக்க வேண்டும், மாதக்கணக்காக நிலத்தை வெறுமையாக விட வேண்டும். அருந்தவனுக்கு அப்போது எழுபது வயது. மறுபடி தொடங்குவாரா என்பது யாருக்கும் தெரியாது.

பெட்டியின் மூடி திறந்தபடி மேசையில் இருந்தது. அம்மையாரின் கண் அதில் விழுந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டா இருக்க முடியும்? பின்சிறகின் கரிய ஓரம் உடையாமல் ஒரே வீச்சில் ஓடுவதுபோல் அவருக்குத் தெரிந்தது. ஓரம் உடையாவிட்டால் சிட்டிசன். நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது என்று அவரே பிறகு எங்களிடம் சொன்னார். அந்தப் பாரம் இறங்கிய வேகத்தைக் கண்டுதான் பயந்தாராம். மூடியை மூடினார்.

"இதை நான் பாக்கக் கூடாது. மோனிகாவிட்டக் குடும். ரெண்டாம் பார்வைக்குச் சிட்னிக்கு அனுப்புவம், வரதராஜனுக்கு. அவைக்கு ஆர், எங்க எண்டு ஒண்டும் தெரியக்கூடாது. இந்த முறையாவது."

மோனிகா எங்கள் கூடத்தின் மற்ற அடையாளக்காரர். மலேசியாவில் கிள்ளானில் பிறந்தவர். பல ஆண்டுகள் ஈக்களைப் பார்த்துவிட்டு அந்துகளுக்கு வந்தவர். வரதராஜன் சிட்னிக் கூடத்தில் பணிபுரிகிறார், பிளாக்டவுன்வாசி. இருவருக்கும் அருந்தவனைத் தெரியாது; தெரிந்திருந்தாலும் பூச்சி அவருடையது என்பது தெரியாது.

கண்ணாடிக்கூடுகளுக்குப் பூட்டுப் போட்டாயிற்று. முடிவு வரும்வரை ஒரு மிளகாய்கூட வெளியே போகக்கூடாது. அன்று மாலையே அம்மையாரின் கைபேசி அடித்தது.

"தங்கச்சி, என்ர பூச்சி உன்ர மேசையிலதான் கிடக்குதாம்?"

"என்ர மேசையில இல்லை அண்ணை. மாத்தியாச்சு."

"ஏன், நீ பாக்கமாட்டியோ?"

"நான் பாக்கக் கூடாது. உங்கட எண்டு தெரிஞ்சுபோச்சு."

"இதென்ன புதுக்கதை? டொக்டர் தெரிஞ்சவர் எண்டா வடிவாப் பாப்பார். வக்கீல் தெரிஞ்சவர் எண்டா ஆறுதலாக் கதைப்பார். நீ தெரிஞ்சவள் எண்டபடியால் பாக்கமாட்டியோ?"

"பேர் வரட்டும் அண்ணை. வந்தாப்பிறகு கதைப்பம்."

"பேர் வரட்டுமோ! பிள்ளை பிறந்த வீட்டில சொல்லுற மாதிரிச் சொல்லுறாய். இஞ்ச வெண்டிக்காய் முத்துது." அதன்பின் குரல் தணிந்தது. "ஒரு சொல் தங்கச்சி. பயப்பிடலாமோ, பயப்பிடக் கூடாதோ, அதை மட்டும் சொல்லு."

அந்த ஒரு சொல் அம்மையாரின் நாக்கு நுனியில் இருந்தது. பயப்படாதீர்கள் என்று சொல்லியிருக்கலாம். நம்பியும் இருந்தார். "குளிர் கூடவா இருக்கு, கவனமா இருங்கோ" என்று சொல்லிக் கைபேசியை வைத்தார். கணவர் கிருபாகரன் அவர்கள் அன்றிரவு சமைத்த சோற்றை அம்மையார் தொடவில்லை என்பது எங்களுக்கு அவர் வாயால் வந்த தகவல். பிழையென்றால் அவரையே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த நாள் மோனிகா தேநீர்க் கோப்பையோடு வந்தார்.

"அக்கா, நேத்து வந்த பூச்சி ஒரு மாதிரியா இருக்கு. கஜுவோட விளிம்பு தேஞ்சு போயிருக்கு, ஆனா விசா இல்லாதவரு மாதிரிதான் எனக்குப் படுது. நிச்சயமாச் சொல்ல முடியல. நீங்க ஒரு வாட்டி எட்டிப் பாத்துட்டுப் போங்களேன். யாருக்கும் தெரியாது லா."

"எனக்குத் தெரியும் மோனிகா."

"அப்படின்னா வாயாலயாவது ஏதாச்சும் சொல்லுங்க."

"தேத்தண்ணி ஆறப்போகுது, குடியும்."

"சரியான கல்லு நீங்க" என்று சொல்லிவிட்டு மோனிகா போனார்.

அந்தக் கல்லுக்குள் நடந்தது வேறு. மோனிகா பிழையான பக்கம் சாய்கிறார் என்று அம்மையார் உறுதியாக நம்பினார். தேய்ந்துபோன கஜுவை நம்பி ஒரு மனிதரின் இரண்டு கண்ணாடிக்கூடுகள் எரியப்போகின்றன. "பின்சிறகைப் பார்" என்ற இரண்டே சொற்கள் போதும். அவற்றைச் சொல்லும் அறிவு அந்தக் கட்டடத்திலேயே அவரிடம்தான் கூடுதலாக இருந்தது. முன்னறையில் படுத்த ஓர் ஆண்டும் அவருக்குள் இருந்தது.

இன்னொன்றும் அவர் கண்டிருந்தார். மூடியை மூடுமுன் கண்ட ஒரே பார்வையில், பின்சிறகின் கடைசி மூலை உள்ளே மடிந்திருப்பது தெரிந்திருந்தது. சிறிதரன் பதற்றத்தில் விரித்திருக்கிறார். மூலையை நிமிர்த்தினால் ஓரம் முழுதும் தெரியும். முழுதும் தெரிந்தால் மோனிகாவே சிட்டிசன் என்று எழுதுவார், அருந்தவன் தப்பிவிடுவார். இப்படித்தான் அவர் கணக்குப் போட்டார். "திரும்ப விரியும்" என்று சிறிதரனிடம் சொல்வது அடையாளம் சொல்வதாகுமா? சொல்லும் உரிமை அவருக்கு உண்டு; விரிப்பின் தரம் அவர் பொறுப்பு. ஆனால் வேறு யாருடைய பூச்சியாக இருந்தாலும் இதைச் சொல்லியிருப்பேனா என்று தன்னையே கேட்டுக்கொண்டார். அந்தக் கேள்வியோடு ஒரு பகல் முழுதும் இருந்தார்.

மறுநாள் காலையில் அவர் செய்தது இது. அந்த வாரம் விரித்த பூச்சிகள் இருந்த தட்டு முழுவதையும் இறக்கினார். விபரத் துண்டு எதையும் பார்க்காமல், ஒவ்வொன்றிலும் விரிப்பை மட்டும் அளந்தார். ஓரம் மடிந்தவை எல்லாவற்றையும் ஒரே அளவால் பிரித்து வைத்தார். மூன்று வந்தன. அருந்தவனுடையது அதில் ஒன்று.

"மூண்டையும் ஈரப்பெட்டிக்குள்ள வைச்சுத் திரும்ப விரியும் சிறி."

"என்ர விரிப்பில பிழையோ அக்கா?"

"மூண்டில பிழை. மிச்சம் வடிவா இருக்கு."

"அந்த மூண்டில அதுவும் ஒண்டோ?"

"கேளாதையும். ஏற்கெனவே நீர் ஒருக்கா வாய் திறந்ததால நான் படுறபாடு காணும்."

காய்ந்த பூச்சியை மூடிய ஈரப்பெட்டிக்குள் விட்டால் மூட்டுகள் இளகும். இளகியபின் சிறகை மெல்ல இழுத்து, காகிதக் கீலங்களால் அழுத்தி, மறுபடி காயவைக்க வேண்டும். சிறிதரன் இந்த முறை மூச்சையும் அடக்கிக்கொண்டு விரித்தார். காய்ந்ததும் மோனிகா பார்த்தார், எழுதினார், கடித உறைக்குள் வைத்து ஒட்டினார். பூச்சி பத்திரமாகச் சிட்னிக்குப் போயிற்று.

வரதராஜன் முடிவை எழுதி அனுப்பிவிட்டுத் தொலைபேசியிலும் கூப்பிட்டார். மோனிகா வெளியே போயிருந்ததால் எடுத்தவர் அம்மையார்.

"மேடம், ரெண்டு பேர் எழுதினதும் ஒண்ணுதானாம், இப்பத்தான் ஒத்துப் பார்த்தாங்க. விசா இல்லாதவர்தான். பின்சிறகு ஓரம் கடைசி மூலையில உடையுது. நகம் பட்ட மாதிரி ஒரு வெளுத்த வெட்டு. பளிச்சுன்னு இருக்கு, சந்தேகமே இல்ல."

அம்மையாரின் கண் விரிப்புத் தட்டுக்குப் போயிற்று.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கிறன்" என்றார் அம்மையார். "நன்றி வரதராஜன். வடிவாப் பாத்திருக்கிறியள்."

பெயர் பதிவானபின் யாரும் பார்க்கலாம். பூச்சி திரும்பி வந்த அன்று அவரும் நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தார். மடிந்திருந்த அதே மூலையில் அந்த வெளுத்த வெட்டு இருந்தது. அருந்தவனை மீட்க வேண்டுமென்று விரிக்கச் சொன்ன சிறகுதான் அவருடைய கூடுகளை மூடியது.

அன்று தேநீர் நேரத்தில் எல்லோரும் இருக்கையில் அவர் சொன்னதை அப்படியே எழுதி வைக்கின்றோம். "நான் சிட்டிசன் எண்டுதான் நினைச்சனான். மூலை மடிஞ்சு கிடந்ததைக் கண்டனான். மடிப்புக்குக் கீழ என்ன இருக்கும் எண்டதையும் நானே நிரப்பிப்போட்டன். அருந்தவன் அண்ணைக்காக நிரப்பினனான். கையெழுத்துப் போட விட்டிருந்தா, போட்டிருப்பன்."

சிறிதரன் எழுந்து கோப்பைகளைக் கழுவப் போனார்.

கூடுகள் வெறுமையாக்கப்பட்டன. அந்த வாரக் கடைசியில் அம்மையார் அருந்தவன் வீட்டுக்குப் போனார். அவருடைய மனைவி கதவைத் திறந்து, கதிரையில் இருத்தி, தேநீர் தந்தார். அருந்தவன் பின்வளவில் இருந்தார், உள்ளே வரவில்லை. அதற்குப் பிறகு கலியாண வீடுகளிலும் கோயிலிலும் கிருபாகரனுக்கு மட்டும் தலையசைப்பார். அம்மையாரின் அழைப்புகளை எடுக்கவில்லை. அப்படியே அந்த ஆண்டு கழிந்தது. கோடையில் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் வைத்த பொறிகள் எல்லாம் எங்களிடம் வந்தன. ஒன்றிலும் அந்த அந்து இல்லை. எப்படி வந்தது என்பது இன்றும் தெரியாது. வெளியே போகவில்லை என்பது மட்டும் தெரியும்.

கோடை முடியும் நேரத்தில் ஒரு சனிக்கிழமை, ஸ்பிரிங்வேல் சந்தையில் வெங்காயக் குவியலுக்கு முன்னால் இருவரும் நேருக்கு நேர் வந்துவிட்டார்கள். ஒதுங்க வழியில்லை, இரண்டு பக்கமும் தள்ளுவண்டிகள். அருந்தவன்தான் முதலில் பேசினார்.

"ஒண்டு கேக்கவேணும். நீ அண்டைக்கு அதைப் பாத்தனியோ, இல்லையோ?"

"பாத்தனான். ஒரு கண் பார்வை."

"என்ன எண்டு நினைச்சனீ?"

"உள்ளூர்ப் பூச்சி எண்டு. உங்களுக்கு ஒண்டும் வராது எண்டு."

அருந்தவன் கையிலிருந்த வெங்காயத்தைத் திரும்பக் குவியலில் வைத்தார்.

"அப்ப என்ர பக்கம்தான் நிண்டிருக்கிறாய்!"

"நிண்டனான். அதாலதான் பிழைவிட்டனான்."

"சொல்லியிருந்தா?"

"உங்கட வெண்டி நிண்டிருக்கும். இந்தக் கோடைக்கு அந்தப் பூச்சி கீஸ்பரோ முழுக்க நிண்டிருக்கும். எங்கயிருந்து வந்தது எண்டு தேடிக்கொண்டு உங்கட படலைக்குத்தான் எல்லாரும் வந்திருப்பினம். எரிக்கிறதுக்கு ரெண்டு கூடு மட்டும் போதாமல் போயிருக்கும் அண்ணை."

பின்னால் நின்ற வியட்நாமிய அம்மா வழி கேட்டுத் தள்ளுவண்டியால் இடித்தார். இருவரும் கொஞ்சம் நகர்ந்தார்கள்.

"இருபத்தெட்டு வருசம் இதையே பாக்கிற நீயும் பிழைவிடுவியோ?"

"கனகாலம் பாத்தபடியால்தான் கெதியாப் பிழைவிடுவன். புதுசா வந்தவை ஆறுதலாப் பாப்பினம்."

"இதை முதலே சொல்லியிருந்தா நான் உன்னோட கோவிச்சே இருக்கமாட்டன்."

"கோவிச்சவர் போனை எடுக்கேல்லை. நான் ஆருக்குச் சொல்ல?"

அருந்தவன் வெங்காயம் தெரிந்தெடுத்தார். எடுத்து முடித்து, அம்மையாரின் பையையும் வாங்கித் தன் வண்டியில் வைத்தார். "ஒரு கூட்டுக்கு மட்டும் திரும்ப மிளகாய் போட்டிருக்கிறன்" என்றார். "மற்றதுக்கு இனி எனக்கு ஏலாது." அதைக் குறையாகவும் சொல்லவில்லை, பெருமையாகவும் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார்.

அம்மையீர்! மீண்டும் தங்களிடம் வருகின்றோம். பொறுத்திருந்து கேட்டமைக்கு நன்றி.

தாங்கள் பெயர் சொன்ன பூச்சிகள் ஆயிரமாயிரம். அவற்றுக்காகத் துறை தங்களுக்குப் பட்டயம் தந்திருக்கிறது. அது சுவரில் தொங்குகிறது, தொங்கட்டும். நாங்கள் தங்களை வணங்கி நிற்பது தாங்கள் பெயர் சொல்லாமல் விட்ட ஒன்றுக்காக. கடன்பட்ட நெஞ்சு கண்ணுக்குக் கோலம் வரைந்து காட்டும் என்று கண்டுகொண்ட தெளிவே! காக்க வேண்டிய சொல்லைக் கைப்பிடிக்குள் காத்த கண்டிப்பே! சரியென்று நம்பியபோதும் வாய்மூடி இருந்து, பிழையென்று தெரிந்தபோது வாய்திறந்து சொன்ன நேர்மையே! நன்றாய்ப் பார்ப்பவர் பலரை இத்துறை கண்டிருக்கிறது. தன் பார்வையைத் தானே ஐயுற்றவரை நாங்கள் தங்களில்தான் கண்டோம். அந்தக் குளிர்காலத்துக்குப் பின் எங்கள் கூடத்தில் எவரும் விபரத் துண்டைப் பற்றி முணுமுணுத்ததில்லை. சிறிதரன் இப்போது வீட்டில் தன் மனைவியிடம்கூட வேலையைப் பற்றி வாய் திறப்பதில்லை என்று அந்த மனைவியே எங்களிடம் முறைப்பாடு செய்திருக்கிறார்.

இந்த மடலை யார் தங்கள் கையில் தருவது என்று எங்களுக்குள் பேச்சு வந்தது. மூத்தவர் என்றார் ஒருவர், மேலாளர் என்றார் இன்னொருவர். இந்த மண்டபத்துக்குக் கதிரைகள் அடுக்க வந்திருந்த அருந்தவன் அவர்கள் அதைக் கேட்டுவிட்டு, "நான் குடுக்கிறன்" என்றார். இதில் அவருடைய கதையும் எழுதப்பட்டிருக்கிறது, அவையில் வாசிக்க அவருக்குச் சம்மதமா என்று கேட்டோம். "உரத்து வாசியுங்கோ. பின்வரிசையில இருக்கிறவைக்கும் கேக்கவேணும். இவ்வளவு நாளும் என்ர பக்கம் கதைச்சவை அவை" என்றார். ஆகவே உரத்து வாசிக்கின்றோம். அவர் இப்போது எழுந்து வருகிறார். தாங்களும் எழுந்து பெற்றுக்கொள்ள வேண்டுகின்றோம்.

கண்ணொளி குன்றாமல், கால்நோவு அண்டாமல், கணவரோடும் மக்களோடும் மனநிறைவாகப் பல்லாண்டு வாழ்வீராக! பொறிகளும் போத்தல்களும் இல்லாத காலைகள் தங்களுக்கு வாய்க்கட்டும்! வீட்டு விளக்கைத் தேடி வரும் பூச்சிகளுக்கு இனிமேல் தாங்கள் விரும்பிய பெயரை வைத்துக்கொள்ளலாம். இரண்டாம் பார்வை தேவையில்லை.

அன்போடும் மதிப்போடும்,
மோனிகா, சிறிதரன், மற்றும் மெல்பேர்ண் ஆய்வுகூடத் தமிழ் உடன்பணியாளர்கள்;
சிட்னிக் கூடத்திலிருந்து வரதராஜன்.